அரை நிமிடம் பின்னால்

"அப்பா, ஒருவாட்டி நல்லா கேட்டுக்குங்க. ஹால் டிவில ஒரு குத்து வுழுந்தா, ரூம்ல அம்மா போன்ல அது அரை நிமிஷம் கழிச்சுதான் வுழும்" என்றான் நிலவன்.

கமலக்கண்ணன் மகனை மலைப்போடு பார்த்தார். டிவிக்குப் பக்கத்தில் சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி, பச்சை விளக்கு மினுங்க உட்கார்ந்திருந்தது. மொட்டை மாடி டிஷ்ஷில் வருவதை அது வாங்கி, வீட்டு வைஃபை வழியாகப் போனுக்கு அனுப்பிவிடுமாம்.

"அப்ப அவ பாக்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சிடும்?"

"அதுக்குத்தானே இவ்ளோ வேலை. சுடர் அடி வாங்கிக் கீழ வுழுந்தான்னு வைங்க, உடனே இந்த ஒயரப் புடுங்கிடுங்க. அம்மா போன்ல படம் நின்னுடும். நெட்டு போச்சுன்னு சொல்லிக்கலாம்."

"மூளக்காரன்டா நீ" என்றார். மனதாரத்தான் சொன்னார்.

டெல்லியில் இன்று தேசியக் குத்துச்சண்டைப் போட்டியின் இறுதிச் சுற்று. மேடையேறப் போகிறவள் அவர் மகள் சுடர்விழி. விடிவதற்குள் பஸ் பிடித்து உப்பளம் மைதானத்துக்குப் போய்ப் பயிற்சி எடுத்த பெண். அவர்கள் ஊர் அரியாங்குப்பமே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது.

ஆனால் கமலக்கண்ணனின் கவலை மகள் ஜெயிப்பாளா என்பதல்ல, மனைவி தாங்குவாளா என்பதுதான். தை மாதம் நெஞ்சை அடைக்கிறது என்றாள் பாக்கியலட்சுமி. ஆஸ்பத்திரிக்குப் போனால், "எனக்கு எடுக்கற டெஸ்ட்ட இவருக்கும் எடுங்க, இல்லன்னா நான் படுக்க மாட்டேன்" என்று அடம்பிடித்தாள். அதையும் எடுத்தார்கள். அவர் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தபோது டாக்டர் ரிசல்ட் சொல்லிவிட்டார். அவள்தான் வந்து தெரிவித்தாள். நெஞ்சு பலவீனம், அதிர்ச்சி ஆகவே ஆகாது.

அன்றிலிருந்து வீட்டுக் குழம்பில் உப்பு பாதியானது. கருவாடு வாசற்படி தாண்டுவதில்லை. அவளுக்குப் புகை ஆகாதென்று, யார் சொல்லியும் விடாத பீடியை ஒரே நாளில் தூக்கிப் போட்டார். அவள் மாத்திரை விழுங்க முகம் சுளித்தபோது, துணைக்கு அவரும் தினம் ஒரு சத்து மாத்திரை விழுங்கினார். பெண்டாட்டிக்காக மனுஷன் இப்படி மாறுவானா என்று அவர் வேலை பார்க்கும் துறைமுகமே மூக்கில் விரல் வைத்தது. அவருக்கும் தன்மேல் கொஞ்சம் பெருமைதான்.

"இன்னொண்ணு. கத்தாதீங்க. நீங்க கத்துனா அம்மா முன்கூட்டியே தெரிஞ்சிக்கும்" என்றான் நிலவன்.

அதுதான் பெரும்பாடு. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவர் அவர். ஏற்றித்தான் பழக்கமே தவிர, குரலை இறக்கிப் பழக்கமில்லை. தோள் துண்டைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டார். நிலவன் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினான். தெருக்காரர்கள் போடும் கூச்சல் உள்ளே வரக்கூடாதாம். பயல் எதையும் விட்டுவைக்கவில்லை.

மணி அடித்தது. எதிராளி ஒரு சாண் உயரம் அதிகம். முதல் சுற்றில் சுடர்விழி அவளைச் சுற்றிச் சுற்றி வந்தே களைப்பாக்கினாள். இரண்டாவது சுற்றில் இரண்டு பேரும் சமம். கமலக்கண்ணனுக்கு வியர்த்துக் கொட்டியது. உள்ளே சத்தமே இல்லை. பாவம், நடந்தது எதுவும் தெரியாமல் படுத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

மூன்றாவது சுற்றில் தாடையில் ஒரு குத்து. சுடர்விழி மல்லாந்து விழுந்தாள். நடுவர் விரல் நீட்டி எண்ணத் தொடங்கினார்.

கமலக்கண்ணன் துண்டைத் துப்பிவிட்டு ஒயரின் மேல் பாய்ந்தார்.

"ஒயர வுடுங்க" என்று ரூமுக்குள்ளிருந்து குரல் வந்தது. நிதானமான குரல். "ஒண்ணும் ஆவல. எழுந்துக்குவா பாருங்க."

டிவியில் சுடர்விழி முழங்காலை ஊன்றி எழுந்தாள்.

"இப்ப எடது கையில ஒண்ணு வுடுவா."

விட்டாள். எதிராளி கயிற்றில் போய்ச் சாய்ந்தாள். கமலக்கண்ணனுக்கு மெய் சிலிர்த்தது. பெற்றவள் மனசுக்கு எல்லாம் முன்னாலேயே தெரிந்துவிடும் போலிருக்கிறது. எப்பேர்ப்பட்ட பொம்பளை இவள்.

கடைசி மணி அடித்தது. நடுவர் இரண்டு பெண்களின் கையையும் பிடித்துக்கொண்டு முடிவுக்குக் காத்து நின்றார்.

"நம்ம பொண்ணுதான்" என்றது உள்ளிருந்த குரல். இப்போது அது அழுதது.

மனசுக்கு எவ்வளவுதான் தெரியும்? கமலக்கண்ணன் எழுந்து போய் ரூம் கதவைத் தள்ளினார்.

பாக்கியலட்சுமி படுக்கவில்லை. ஸ்டூல்மேல் ஏறி நின்றிருந்தாள். ஒரு கையில் போன், இன்னொரு கை வீட்டு மெயின் சுவிட்சின் மேல். போனில் சுடர்விழி கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ, பயிற்சியாளர் அவளைத் தூக்கிச் சுற்றிக்கொண்டிருந்தார். ஹால் டிவியில் நடுவர் இன்னும் யார் கையையும் உயர்த்தவில்லை.

"இன்னாடி இது? கரண்ட்ட நிறுத்தவா நிக்கிற?"

பின்னால் வந்த நிலவன் தலையைச் சொறிந்தான். "போன்ல உடனுக்குடனே வருதுப்பா. ஹால் டிவியத்தான் அரை நிமிஷம் நிறுத்தி வச்சு ஓட வுட்டிருக்கேன். ஏடாகூடமா ஏதாவது ஆச்சுன்னா, நீங்க பாக்கறதுக்குள்ள அம்மா மெயின நிறுத்திடும்."

"எதுக்குடா?"

பாக்கியலட்சுமி இறங்கி வந்து அவர் மார்பில் உள்ளங்கையை வைத்தாள். துடிப்பு சீராகத்தான் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஜெயிச்சுட்டா, இனிமே சொல்லலாம். அன்னிக்கு டாக்டர் பலவீனம்னு சொன்ன நெஞ்சு என்னோடது இல்லீங்க. உங்களுது."