பதினேழாவது வரிசை

"மார்ச் 11, செவ்வாய். நேற்று ஒரு சிறு தவறு. கம்பெனி முழுவதற்குமான சம்பளப் பட்டியலில் பதினேழாவது வரிசையை விட்டுவிட்டேன். விட்டது நான்தான், கம்ப்யூட்டர் அல்ல. இன்று சொல்லிவிட வேண்டும்."

செய்த தவறுகளை எழுதி வைக்கச் சொன்னவர், மாலை வகுப்பில் புள்ளியியல் எடுக்கும் ஆசிரியர். யாமினி நோட்டைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, மேலாளர் ஜெயபிரகாஷின் அறைக் கதவைத் தட்டினாள்.

"வாம்மா யாமினி! சூப்பர் ரிப்போர்ட். வெள்ளைக்காரங்க ஒரு டாலர் வாங்கினா, நம்ம பிளாக் ஸ்டாஃபும் முழுசா ஒரு டாலர்! அஞ்சு வருஷமா எழுபது சென்ட்டுலயே படுத்துக் கிடந்த கிராஃப் கோடு, இப்ப எந்திரிச்சு நின்னுடுச்சு. கஸ்டமர் கண்ணுல ஒத்திக்குவான்."

"சார், அது வந்து..."

"டெக்சாஸ் வந்தப்புறமும் என்ன சாரு? ஜேபின்னு கூப்பிடு."

"ஜேபி சார், அந்தக் கோடு தப்பு."

இர்விங்கில் இருந்த அந்த லாரி கம்பெனியில் அவள் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. லாரிகளை அனுப்பிவைக்கும் பிரிவில் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையே சம்பள வித்தியாசம் குறைந்துவருகிறதா என்று பெரிய கஸ்டமர் ஒருவர் கேட்டிருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் போனால்தான் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும்.

"அங்க ஆறு பேர் சார். நாலு பேர் வெள்ளைக்காரங்க, சராசரி மணிக்கு முப்பது டாலர். பிளாக் ஸ்டாஃப் ரெண்டு பேர்ல, போன வருஷம் வந்த மார்க்கஸுக்கும் முப்பது. டெனீஸ் வரிசையத்தான் நான் விட்டுட்டேன். அவங்களுக்கு இருபத்தொண்ணு."

"டெனீஸ் பன்னெண்டு வருஷமா இருக்காங்களே!"

"அதான் சார். சேர்ந்தப்போ என்ன குடுத்தாங்களோ, அதுக்கு மேல சில்லறை சில்லறையா ஏத்தியிருக்காங்க. அவங்க வேலை கத்துக்குடுத்த பையனுக்கே முப்பது."

"அவங்கள சேர்த்தா?"

"எண்பத்தஞ்சு சென்ட்."

ஜெயபிரகாஷ் நாற்காலியைப் பாதி சுற்றி ஜன்னலைப் பார்த்தார். "தொண்ணூத்தஞ்சுக்குக் கீழ போனாலே கஸ்டமர் நூறு கேள்வி கேப்பான். டெனீஸ் ஒருத்தங்களாலதான் இந்தப் பதினஞ்சு சென்ட்டா?"

"ஒருத்தங்களுக்குத்தான் சார் அநியாயம் நடந்திருக்கு." சொல்லிவிட்டு அவளே பயந்துபோனாள். "சாரி சார். நேத்தே பாத்திருக்கணும். என் தப்பு."

"எதுக்கு சாரி? எங்க வலிக்குதுன்னு தெரிஞ்சாதானே வைத்தியம் பண்ண முடியும்? ஹூஸ்டன் ஹெட் ஆபீஸ்ல பேசறேன். வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணிடலாம்."

யாமினிக்கு நம்ப முடியவில்லை. கதவு வரை போனவள் திரும்பினாள். "சார், நீங்களும் நானும் இந்தக் கணக்குல எங்க வர்றோம்?"

"நம்ம 'மற்றவர்கள்'ங்கற கட்டத்துல வர்றோம்மா. யாரும் தேட மாட்டாங்க. நிம்மதியா இரு."

சாப்பாட்டு அறையில் டெனீஸ், மைக்ரோவேவுக்கு முன்னால் கைகட்டி நின்றிருந்தார். ஐம்பத்து மூன்று வயது. அவர் பேசும் ஆங்கிலம் யாமினியின் காதில் எப்போதும் தமிழாகவே விழும்.

"என்னடி, மூஞ்சி பல்பு மாதிரி எரியுது? எவன் அவன்?"

"எவனும் இல்ல. உங்க சம்பளம். சரி பண்ணப் போறாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள."

"இங்க இதோட நாலு மேனேஜரப் பாத்துட்டேன். நாலு பேரும் இதையேதான் சொன்னாங்க. எந்த வெள்ளிக்கிழமைன்னு மட்டும் சொல்லல."

"இந்தத் தடவை கணக்கு போட்டுக் காட்டினது நான்."

டெனீஸ் அவளை உற்றுப் பார்த்தார். ஒரு பேனா மூடி காணாமல் போனாலும் அறிவிப்பு ஒட்டுகிற பெண் இவள் என்பது அவருக்குத் தெரியும்.

"அப்போ சனி ஞாயிறு கடை வேலைய விட்டுடட்டுமா? நின்னு நின்னு முட்டி ரெண்டும் போச்சு. என் ஷிப்ட்டுக்கு அங்க ஒரு பொண்ணு காத்துக்கிட்டு இருக்கா. விட்டா திரும்பக் கிடைக்காது. யோசிச்சுச் சொல்லு."

எதையும் இரண்டு முறை சரிபார்க்காமல் யாமினி சொன்னதில்லை. இப்போது ஒரு முறைகூடப் பார்க்காமல் சொன்னாள்.

"விட்டுடுங்க."

டெனீஸ் அங்கேயே போனை எடுத்துக் கடைக்காரரிடம் பேசி முடித்தார். பிறகு தன் டப்பாவில் இருந்த கேக்கை இரண்டாக வெட்டி, பெரிய துண்டை யாமினி பக்கம் தள்ளினார். "தின்னு. எலும்பும் தோலுமா நின்னு எனக்காகச் சண்டை போட்டிருக்கே."

மாலை வகுப்பு ஆறரைக்கு. காலேஜ் பார்க்கிங்கில் யாமினி காரை நிறுத்தும்போது ஜெயபிரகாஷிடமிருந்து மெயில் வந்தது. 'ஹெட் ஆபீஸ் ஓகே சொல்லிவிட்டது. உன் நேர்மைக்குப் பாராட்டு' என்று தொடங்கியது. அவள் முழுவதையும் படித்தாள். பழக்கப்படி இன்னொரு முறையும் படித்தாள். வகுப்புக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங் மீது நோட்டை வைத்து எழுதினாள்.

"நாளைய வேலை. டெனீஸுக்குக் கடிதம் தயாரிக்க வேண்டும்: வெள்ளிக்கிழமை முதல் அவர் நம் கம்பெனி ஊழியர் அல்ல, வெளி ஏஜென்சியின் ஊழியர், அதே நாற்காலி, அதே வேலை, அதே இருபத்தொரு டாலர். பிறகு, பதினேழாவது வரிசையை நீக்கிவிட்டு, நேற்றைய ரிப்போர்ட்டை அப்படியே கஸ்டமருக்கு அனுப்ப வேண்டும். அதில் தவறு இல்லை."