கழுத்தில் தொங்கிய முகம்

“அடப்பாவி! குடுய்யா அதை!”

செகுந்தா போட்ட கூச்சலில் ரோம் நகரக் கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது.

காசு மாற்ற வந்தவளின் கழுத்திலிருந்த கயிற்றை வெடுக்கென்று அறுத்துவிட்டார் காசுக்கடைக்காரர் ஹிலாருஸ். அதில் கோத்திருந்த வெள்ளிக்காசைப் பலகையில் வைத்து, உளியால் ஓங்கி ஒரே போடு. காசிலிருந்த பேரரசரின் முகம் நெற்றியிலிருந்து தாடை வரை பிளந்தது.

“என் புருஷன் போருக்குப் போறப்ப கட்டிவிட்டதுய்யா! அவரு திரும்பி வரலை. இது ஒண்ணுதான் மிச்சம்!”

“உள்ளே செம்பு இருக்கான்னு வெட்டிப் பாக்குறான்” என்றான் பக்கத்து ஆலிவ் கடை ரூஃபியோ. “செத்தவன் குடுத்த காசைக்கூடச் சந்தேகப்படறானே, இவனெல்லாம் மனுஷனா?”

கூட்டமும் சேர்ந்துகொண்டது. திட்டுவதற்கு மட்டும் ரோமில் ஆள் பஞ்சமே கிடையாது.

ஹிலாருஸ் உளியைக் கீழே போட்டார். கயிற்றை அவசரமாக முடிந்து அவள் கழுத்திலேயே மாட்டினார்.

அதற்குள் தெருமுனையிலிருந்து வீரர்கள் வந்துவிட்டார்கள்.

“ஏய், கழுத்துல யாரு?” ஒருவன் காசைப் பிடித்து இழுத்தான். “நேத்து தீர்த்துக்கட்டினோமே, அந்த ராஜாவா?”

 ராஜா மாறிய செய்தியே செகுந்தாவுக்குத் தெரியாது.

உற்றுப் பார்த்தவன் கடகடவென்று சிரித்தான். “மூஞ்சியையே பொளந்து வச்சிருக்கா! நம்ம கட்சிதான். போம்மா.”

அவர்கள் போனதும்தான் ரூஃபியோ ஆலிவ் ஜாடிக்குப் பின்னாலிருந்து எழுந்தான்.

“காலைல செருப்பு தைக்கிறவனை இழுத்துட்டுப் போனாங்கம்மா. அவன் மோதிரத்துல இதே முகம்” என்றார் ஹிலாருஸ். “பையில கிடந்தா காசு. கழுத்துல தொங்கினா விசுவாசமாம்.”

“வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே ஐயா!”

“சொன்னா கழட்டியிருப்பியா?”

கழற்றியிருக்க மாட்டாள். செகுந்தா அழுதுகொண்டே அவர் கையைப் பிடித்து முத்தமிட்டாள்.

“பின்பக்கம் பாரு.”

திருப்பினாள். கோத்துக்கொண்ட இரண்டு கைகள். ‘ஒண்ணு நீ, ஒண்ணு நான்’ என்று புருஷன் காட்டிய கைகள். ஒரு கீறல்கூட இல்லை. பலகையில் மெத்தென்று தோல் விரித்துத்தான் ஹிலாருஸ் உளியை இறக்கியிருந்தார்.

“முகம் எந்த ராஜாவோடதா வேணா இருந்துட்டுப் போகட்டும். கட்டிவிட்டவன் இந்தப் பக்கத்தைப் பாத்துத்தானேம்மா கட்டியிருப்பான்?”