பேசாத படம்னா வாரேன்

அய்யாக்கண்ணு தன் தம்பியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தார். தம்பி சோலையப்பன் கையில் மண்வெட்டி. இருவர் வாயும் ஓயவில்லை.

"கட்," என்று கையைத் தூக்கினாள் அய்யாக்கண்ணுவின் மகள் இளமதி. "போதும்ப்பா. நல்லா வந்திருச்சு."

"என்னத்த நல்லா வந்துச்சு? இன்னொரு தடவ எடு."

நாலு தடவை எடுத்தாகிவிட்டது. ஒன்பது வருடமாக அடக்கிவைத்ததை எல்லாம் இன்றே கொட்டித் தீர்க்காமல் அப்பா விடமாட்டார் போல. அவளுக்கு அலுத்துப்போனது.

ஊமைப்படக் காலத்துப் பாணியில் ஒரு குடும்பச் சண்டைப் படம் எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள் கல்லூரியில். நடிகர்களுக்கு எங்கே போவது? கிணற்றுத் தகராறில் பேச்சை நிறுத்திய அப்பாவும் சித்தப்பாவும் வீட்டிலேயே தயாராக இருந்தார்கள்.

"பேசாத படம்னா வாரேன்," என்று சித்தப்பா ஒப்புக்கொண்டதே பெரிய விஷயம். அக்காவின் கல்யாணப் பத்திரிகை நாளை அச்சுக்குப் போகிறது, அதில் சித்தப்பா பெயர் இல்லை. ஒரு நாள் எதிரெதிரே நின்றால் மனசு இளகாதா என்று அவளுக்கு நப்பாசை.

"சும்மா வாய அசைக்காதீங்க, வாய்க்கு வந்தபடி திட்டுங்க," என்று சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். பக்கத்தில் பம்புசெட் இரைந்துகொண்டிருந்தது, அவர்கள் திட்டியது கேமரா பக்கம் கேட்கவில்லை. ஊமைப்படம்தானே என்று அதை நிறுத்தச் சொல்லவில்லை. வரப்பில் பாதி ஊர் நின்று வேடிக்கை பார்த்தது.

ஐந்தாவது தடவை முடிந்தபோது சித்தப்பாவின் கண்கள் சிவந்திருந்தன. மண்வெட்டியைப் போட்டுவிட்டு அவர் அங்கிட்டு நடந்தார், அப்பா இங்கிட்டு நடந்தார்.

"அப்பா, பத்திரிகையில சித்தப்பா பேரு..."

"மொதல்ல கேமராவ எடுத்து வையி. வெயிலு ஏறுது."

ஆறிய புண்ணைத் தானே கீறிவிட்டோமே என்று இளமதிக்கு அழுகை வந்தது.

மத்தியானம் கல்லூரிக்குப் போய் செம்மலிடம் படத்தைக் கொடுத்தாள். செம்மல் அவளோடு படிப்பவன், பிறவியிலேயே காது கேட்காது. எதிரே இருப்பவரின் வாயைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவான். படத்தில் நடுநடுவே காட்டும் வசன அட்டைகளை எழுதுவது அவன் வேலை.

"கெட்ட வார்த்தையெல்லாம் எடுத்துரு, மானம் போயிரும்," என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மேஜையில் தலை சாய்த்துக் கண்ணை மூடினாள்.

அரை மணி கழித்து அவன் தோளைத் தட்டினான். எடுக்க ஒன்றுமே இல்லை என்று கையை விரித்துக் காட்டி, இரண்டு அட்டைகளை நீட்டினான்.

அண்ணன் பேசியது முதல் அட்டையில் இருந்தது. "நீ ஆஸ்பத்திரியில கெடந்தப்ப வந்தேன்டா. வாசலோட திரும்பிட்டேன்."

அடுத்தது தம்பியின் பதில்.

"ஜன்னல் வழியா பாத்தேண்ணே."