அசிங்கமான பிள்ளை

"குழந்தை மிகவும் அசிங்கம்" என்றாள் சுமாலி, தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு.

பிருந்தாவுக்குச் சுருக்கென்றது. மாடிக்கு வாடகைக்கு வந்த நாளிலிருந்து சுமாலிக்கு இதே பேச்சு. படியிறங்கி வருவாள், பிள்ளையைப் பார்ப்பாள், அசிங்கம் என்பாள், சிரித்துக்கொண்டே ஆண்டாள் கோயிலுக்குப் போய்விடுவாள்.

தாய்லாந்துக்காரி. அவள் ஊரில் எல்லாரும் அமெரிக்கா, ரஷ்யா என்று படிக்கப் போக, இவள் மதுரைக்கு வந்து தமிழ் கற்று, மார்கழி பூசையைப் பற்றி டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்ய ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே வந்து உட்கார்ந்திருந்தாள்.

"டாக்டருக்குப் படிக்கிறவ சொல்லுதா. பிள்ளைக்கு உள்ளுக்குள்ள ஏதும் கோளாறா இருக்குமோ?"

ராஜபாளையம் மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவள் கணவன் சௌந்தரபாண்டியன் சிரித்தான். "ஏட்டி, அது ஊசி போடுற டாக்டர் இல்ல. கான்வென்ட்ல படிச்சவதானே நீ?"

பிருந்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தலைப்பிள்ளை மூன்று மாதம்கூடத் தங்கவில்லை. இவனுக்கு இப்போதுதான் கழுத்து நின்றிருக்கிறது. அதற்குள் காய்ச்சல்.

"அவ வாய் நல்ல வாய் இல்ல. காலி பண்ணச் சொல்லிருங்க."

"நீயே சொல்லு."

மறுநாள் காலையில் காய்ச்சல் விட்டிருந்தது. பிள்ளை பொக்கை வாயைக் காட்டிச் சிரித்தான். அந்த நேரம் பார்த்து சுமாலி வந்தாள்.

"இன்று மேலும் அசிங்கம்."

"இந்த மாசத்தோட மாடியைக் காலி பண்ணிருங்க."

சுமாலியின் முகம் செத்துப்போயிற்று. "நான் என்ன தவறு செய்தேன்?"

பிருந்தா வாயைத் திறப்பதற்குள் வாசலில் பால்காரி கருத்தம்மாவின் குரல். பிருந்தாவைப் பிறந்ததிலிருந்து அறிந்த சோழபுரத்துக்காரி.

"ஏட்டி பிச்சையம்மா, செம்பைக் கொண்டா."

"பிச்சையம்மா யார்?" என்றாள் சுமாலி.

பிருந்தா தலையைக் குனிந்துகொண்டாள். "நான்தான். கான்வென்ட்ல பிள்ளைக கேலி பண்ணுச்சுக. பிருந்தான்னு மாத்திக்கிட்டேன்."

"பெற்ற குழந்தைக்கு ஏன் அப்படி ஒரு பெயர் வைத்தார்கள்?"

"எனக்கு முன்னால மூணு தங்கல. பேரு கேவலமா இருந்தா எமன் திரும்பிப் பாக்க மாட்டான்னு..."

சுமாலியின் முகம் மலர்ந்தது.

"எங்கள் ஊரிலும் அப்படித்தான். குழந்தையைப் புகழ்ந்தால் பேய் கேட்டுவிடும், தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால் பார்க்கும்போதெல்லாம் அசிங்கம் என்போம். உங்கள் குழந்தை அவ்வளவு அழகு, அதனால்தான் நான் தினமும்..."

சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு, யாராவது கேட்டுவிட்டார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தாள்.

பிச்சையம்மாள் பதறிப்போய்ப் பிள்ளையைத் தொட்டிலிலிருந்து அள்ளி அவள் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"அழகுன்னுட்டியளே அக்கா. சீக்கிரம் அசிங்கம்னு சொல்லுங்க. செத்த சத்தமாவே சொல்லுங்க."