நாட்டுக்கு ஆபத்தில்லாத பிள்ளை

கல்முனையில் அபூசாலியின் தேநீர்க்கடை வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இறங்கியவர் தெருவின் இரண்டு முனைகளையும் பார்த்துவிட்டுத்தான் ஹெல்மெட்டைக் கழற்றினார். மூலை மேசையில் அமர்ந்து பிளேன்டீ ஒன்றுக்குச் சொன்னார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்தார்.

"ஸஜாத் எண்டு ஒரு பொடியன். இந்தத் தெருதானே?"

அபூசாலி தேயிலை வடியைக் கீழே வைத்தார். ஸஜாத் அவருடைய தங்கச்சியின் ஒரே மகன்.

"தெரிஞ்ச புள்ளதான் சேர். நீங்க...?"

"அது உங்களுக்கு வேணாம். நான் வந்து விசாரிச்சத ஒருத்தருக்கும் சொல்லவும் வேணாம்."

புலனாய்வுக்காரர் என்பதற்கு இதற்கு மேல் அடையாள அட்டை எதற்கு? கடையிலிருந்தவர்கள் தேநீரை அரைவாசியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். முழங்கால் வலியால், பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் மீராமுகைதீன் மட்டும் மாட்டிக்கொண்டார்.

ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களில் நடந்த அந்த ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகு, பக்கத்துத் தெரு ஸஹீதின் அலமாரியில் பொலிசாருக்கு ஓர் அறபுப் புத்தகம் அகப்பட்டது. அதில் இருப்பது வயிற்றுவலிக்கு ஓதும் துஆ என்று மேலிடத்துக்கு விளங்க எட்டு மாதம் பிடித்தது. அந்த எட்டு மாதமும் ஸஹீத் உள்ளே இருந்தான். நாட்டுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதில் அபூசாலிக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. அது தன் மருமகனைத் தேடி வராமல் இருந்தால் போதும்.

"தொழுகை எல்லாம் எப்படி?" கொப்பியின்மேல் பேனை காத்திருந்தது.

ஐந்து நேரமும் முதல் வரிசையில் நிற்பவன் ஸஜாத். குர்ஆன் முழுவதும் மனப்பாடம்.

"தொழுகையா?" அபூசாலி சிரித்துக் காட்டினார். "பள்ளிவாசல் எந்தப் பக்கம் இரிக்கி எண்டே அவனுக்குத் தெரியா சேர்!"

பேனை எழுதியது. "தாடி வெச்சிரிக்காராமே?"

"கிரிக்கெட்காரன் ஒருத்தனப் பாத்து வெச்ச தாடி. மார்க்கத்துக்கும் அதுக்கும் ஒரு சம்மந்தமும் இல்ல."

"ஓதத் தெரியுமா?"

"அறபு முதலெழுத்து அலிஃபக் காட்டினா, இதென்ன கம்பு எண்டு கேப்பான்."

"கூட்டாளிமார்?"

"எல்லாம் நல்ல குடிகாரப் பொடியன்மார். ஒருத்தனும் பள்ளியில பயான் கேக்கப் போறதில்ல."

வந்தவரின் நெற்றி சுருங்கியது. நம்பவில்லை போலிருக்கிறது. அபூசாலி மோதினாரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"முப்பது வருஷமா நான்தான் பாங்கு சொல்றன்," என்றார் மோதினார். "அவன்ட முகத்தப் பள்ளியில கண்டதே இல்ல." சொல்லிவிட்டு, மேசைக்குக் கீழே விரலெண்ணிப் பாவமன்னிப்புக் கேட்கத் தொடங்கினார்.

"சிகரட்?"

"ரெண்டு பெட்டி சேர், ஒவ்வொரு நாளும்!" அபூசாலிக்கு உற்சாகம் ஏறிவிட்டது. "தொழுகையத்தான் விடுவான், அதுல மட்டும் ஒரு நேரமும் களா ஆக்க மாட்டான்."

வந்தவர் கொப்பியை மூடிக்கொண்டு எழுந்தார். தேநீரை அவர் தொடவே இல்லை. மருமகன் தப்பிவிட்டான்! அபூசாலி வாசல்வரை கூடவே போனார்.

"அப்ப, எங்கட புள்ளயில சந்தேகம் ஒண்டும் இல்லையே சேர்?"

"ஒரு சந்தேகமும் இல்ல." வந்தவர் மோட்டார் சைக்கிளை ஓங்கி உதைத்துக் கிளப்பினார்.

"தீனான, அஞ்சு நேரமும் தொழுற மாப்பிள்ள எண்டு புரோக்கர் சொன்னத நம்பி, நிந்தவூர்ல மகளுக்குச் சீதன வீடும் கட்டி முடிச்சிட்டன், நல்ல காலம், மகளக் குடுக்க முந்தி ஒருக்கா நேர வந்து விசாரிச்சது!"