நிலைகொண்டுள்ளது

வெட்டுக்கத்தியை அவன் இரண்டு கைகளாலும் பிடித்திருந்தான்.

விசைப்படகின் பின்தளம் அலைக்குள் அமுங்கி எழுந்தது. முழங்கால்வரை தண்ணீர்.

எதிரே விறைத்து நின்றது கயிறு. அதன் மறுமுனையில், எஞ்சின் செத்துப்போன இன்னொரு படகு. அதில் ஐந்து பேர். ஓட்டுவது பிலவேந்திரன். இவனுடைய தங்கையின் கணவன்.

மூன்று நாள். ஒரே திசை. ஒரே காற்று.

புயல் என்றால் அடித்துவிட்டுப் போய்விடும். இது போகவில்லை. காலையும் மாலையும் வயர்லெஸ்ஸில் அதே அறிவிப்பு. காற்றழுத்தத் தாழ்வு அதே இடத்தில் நிலைகொண்டுள்ளது. வடக்கிலும் மேற்கிலும் உயரழுத்தம் மறித்து நிற்கிறது. தள்ளிக்கொண்டு போக மேல்காற்றிலும் வலுவில்லை.

பின்னால் வந்த படகு தண்ணீர் குடித்துக் கனத்தது. அது இழுத்த ஒவ்வொரு இழுப்புக்கும் இவர்களுடைய பின்தளம் இன்னும் தாழ்ந்தது. விடிந்ததும் ஓர் அலை, இவர்களில் ஒருவனைத் தூக்கிக் கம்பத்தில் அடித்துத் தோளை முறித்திருந்தது.

"எஞ்சின் ரூமுக்குள்ள தண்ணி ஏறிட்டு!" எஞ்சின் பார்க்கும் ரெமிஜியூஸ் உள்ளேயிருந்து கத்தினான்.

அவன் வெட்டினான்.

முதல் வெட்டில் பாதி. இரண்டாவதில் கயிறு சாட்டைபோல் துள்ளிக் கடலுக்குள் போனது.

படகு முன்னால் பாய்ந்தது. மழை பின்னால் மூடிக்கொண்டது.

படகிலிருந்த ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவன் போய் ஸ்டியரிங்கைப் பிடித்தான்.

ஒரு மணி நேரம் கழித்து அறிவிப்பு வந்தது.

வடக்கே இருந்த உயரழுத்தம் வலுவிழந்தது. தாழ்வு நகரத் தொடங்கிவிட்டது. மாலைக்குள் காற்று தணியும்.

அவன் மழை மூடிய பின்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தான்.

பிறகு, வயர்லெஸ் இரைச்சலுக்குள்ளிருந்து பிலவேந்திரனின் குரல்.

"மச்சான், கேட்டியா? நகந்துட்டாம்! நாங்க தண்ணி எறைச்சிக்கிட்டுதான் இருக்கோம்."

கரகரப்பு.

"கயித்த இழுத்து ஏத்திட்டோம். நுனியப் பாத்தேன்."

மறுபடியும் கரகரப்பு.

"கயிறு அதுவாத்தான் அந்துபோயிருக்கு மச்சான். வீட்ல கேட்டா நீயும் அப்பிடியே சொல்லு."

அவன் பேசும் பொத்தானை அழுத்தினான். அழுத்தியபடியே நின்றான்.

பிறகு, விட்டுவந்த படகை நோக்கி ஸ்டியரிங்கைத் திருப்பினான். ரெமிஜியூஸ் வாசலில் வந்து நின்றான். தடுக்கவில்லை.

பக்கவாட்டில் வந்த முதல் அலை, கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே விழுந்தது.

அவன் கண்ணைத் துடைக்கவில்லை. படகை முழுவதும் திருப்பி முடித்தான்.