கால் சைன்

காற்றில் ஒடிந்த ஆன்டெனாவை மாற்ற ஞானதுரை தனியாகத்தான் மலையேறினார். எங்கள் ஹாம் ரேடியோ கிளப்பின் ரிப்பீட்டர் அங்கே இருக்கிறது. எங்கள் பேச்சை வாங்கி ஊரெல்லாம் கேட்கும்படி திருப்பி அனுப்பும் பெட்டி அது. அதை அங்கே வைத்தவரே அவர்தான். போன மாதம் லைசென்ஸ் காலாவதியாகி, ரேடியோவில் எங்களுக்குப் பெயராக இருக்கும் கால் சைனை இழந்தார். கால் சைன் இல்லாதவர் பேசினால் யாரும் பதில் சொல்லக் கூடாது என்பது கிளப் விதி. அதை எழுதியவரும் அவர்தான்.

நண்பகலில் அவர் குரல் வந்தது.

"ஆன்டெனா மாட்டியாச்சு. டவர்லேர்ந்து இறங்கறப்ப விழுந்துட்டேன். கால் போச்சு. யாராவது வாங்களேன்."

"கால் சைனும்தான் போச்சு," என்றார் செயலாளர் பத்மநாபன். "யாரும் பதில் சொல்லாதீங்க."

என் கட்டைவிரல் பேசும் பொத்தானின் மேலேயே இருந்தது. நான் அழுத்தவில்லை. அவர் மூன்று முறை கூப்பிட்டார். பிறகு பேசாமல் பொத்தானை மட்டும் அழுத்திக்கொண்டிருந்தார். மூச்சு வாங்குவதுகூடத் துல்லியமாகக் கேட்டது.

மாலையில், புதிதாகச் சேர்ந்த ஒருவர் கேட்டார்: "ரிப்பீட்டர் இன்னைக்குக் கணீர்னு இருக்கே, யார் சார் சரி பண்ணது?"

"நம்ம கிளப்தான்," என்றார் பத்மநாபன்.